திரும்பி வராத இணைப்புகள்

எல்லோரும் ஒரே சமயத்தில் ஃபோனை வைத்துவிட்டால் போதும், சர்வரை ஒருமுறை நிறுத்தி எழுப்பிவிடலாம் என்று, சாப்பிட்டு வந்ததிலிருந்து ஜெசிந்தா கண்ணாடித் தடுப்பு வழியே ஹாலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஒருவர் வைத்தால் இன்னொருவர் எடுக்கிறார். ஜன்னலோர மேசைக்காரர் காதில் மாட்டியதைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்தபோது, இதோ, இப்போது, என்று அவள் விரல் விசையின் மேல் போய் நின்றது. அதற்குள் மூலை மேசையில் தாஜுன்னிசா அக்கா குனிந்து, இடது கையால் நெற்றியைத் தாங்கிக்கொண்டு, யாருக்கோ தலையாட்ட ஆரம்பித்துவிட்டாள். எதிர்முனையில் இருப்பவருக்கு இவள் தலையாட்டுவது தெரியப்போவதில்லை, ஆனாலும் ஆட்டுகிறாள். ராயப்பேட்டையில் ஒரு பழைய கட்டடத்தின் மாடி அது. வாழப் பிடிக்கவில்லை என்று கூப்பிடுகிறவர்களோடு பேசுவதற்காக ஒரு அறக்கட்டளை நடத்துகிற இடம். தொண்டர்கள் முறை போட்டுக்கொண்டு வந்து பேசுவார்கள், கூப்பிடுகிறவரின் பெயர் கேட்கமாட்டார்கள், எண்ணும் திரையில் தெரியாது. அழைப்புகள் எல்லாம் ஒரு ஜாவா சர்வர் வழியாக வந்துதான் தொண்டர்களின் கணினியில் விழும். திரை உறைந்தால் சற்று நேரத்தில் பேச்சும் அறுந்துபோகும். அந்தச் சர்வரைக் கவனித்துக்கொள்வது ஜெசிந்தாவின் வேலை. கொஞ்ச நாளாக அது உறைகிறது. ஏன் என்று சொல்வதில்லை. சொல்லாததற்குக் காரணம் அவளுக்குத் தெரியும்: சொல்லவேண்டாம் என்று அதற்குக் கட்டளை இட்டிருப்பதே அவள்தான்.

சர்வர் தன் பாட்டுக்குத் தான் செய்வதையெல்லாம் ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே போகும், அதற்கு லாக் என்று பெயர், எவ்வளவு எழுதலாம் என்று நாம்தான் அளவு வைக்கவேண்டும். பெரிய விபத்தை மட்டும் எழுது என்றால் ஒரு அளவு, எச்சரிக்கையும் எழுது என்றால் ஒரு அளவு, அப்படியே கீழே இறங்கி ஃபைன், இன்னும் கீழே ஃபைனஸ்ட், அங்கே போய்விட்டால் மூச்சு விடுவதைக்கூட எழுதும். போன வாரம் அவள் ஃபைனஸ்ட் வரைக்கும் திறந்துவிட்டிருந்தாள். அறக்கட்டளைச் செயலாளர் பத்மநாபன் சார் சொன்னார் என்று திறந்தாள். எல்லாத்தையும் எழுதச் சொல்லும்மா, அப்பத்தான தெரியும், என்றார். எழுதியது. எந்த மேசையில் எந்த விசை அமுங்கியது என்பது வரை எழுதியது, தொண்டர்கள் திரையில் தட்டுகிற குறிப்புகளையும் எழுத்துக்கு எழுத்து எழுதியது, அவள் பிழையைத் தேடி வேகமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தபோது ஒரு வரி கண்ணில் பட்டுவிட்டது. மழை வர்ற மாதிரி இருக்கு, துணியை எடுத்துட்டு வந்துடறேன், வச்சுடாதீங்க என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். அதற்குக் கீழே சர்வர் உறைந்த நேரத்தின் வரிகள். பேச்சு அறுந்திருக்கும். துணியோடு திரும்பி வந்து அவர் ஃபோனை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்திருப்பார். ஜெசிந்தா அந்தக் கோப்பை அப்போதே அழித்தாள், குப்பைத் தொட்டியிலிருந்தும் அழித்தாள், அளவை மேலே ஏற்றி, பெரிய விபத்தை மட்டும் எழுது என்று வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். கோப்புதான் போயிற்று. வரி போகவில்லை. பஸ்ஸில் வந்தது, சமைக்கும்போது வந்தது, ஞாயிற்றுக்கிழமை பூசையில் எல்லோரும் முழங்காலில் நின்றபோது அவள் மட்டும் உட்கார்ந்தே இருந்துவிட்டாள், ஏனென்றால் அப்போது அவள் மனசுக்குள் ஒரு கொடியிலிருந்து யாருடைய துணிகளையோ ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. துணி நனையக்கூடாது என்று நினைக்கிற ஒருத்தர் நாளைக்கு அதை உடுத்தப்போகிறவர்தானே. நாளைக்கு என்று ஒன்று இருப்பவர்தானே எடுப்பார். இதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதும் மனசு கொஞ்சம் ஆறும், ஆறிய உடனே, ஆனால் கனகு வாளியைக் கழுவித் தந்தாளே என்று இன்னொன்று எழுந்து வரும்.

கனகலட்சுமி. பாளையங்கோட்டையில் கல்லூரி விடுதியில் அடுத்த கட்டில். அந்தக் கடைசி நாள் சாயங்காலம், ஜெசிந்தாவிடம் கடன் வாங்கியிருந்த பச்சை வாளியைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, அடியில் படிந்திருந்த உப்புக்கறை எல்லாம் போக்கி, இந்தாடி ஜெசி, என்று கட்டிலுக்கடியில் வைத்துவிட்டுப் போனாள். இவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, மறுநாள் பரீட்சை, ம் என்றாள். விடிந்தபோது கனகு இல்லை. அவளுடைய அப்பா ஊரிலிருந்து வந்து விடுதிக் கூடத்தில் நாற்காலியில் உட்காரமாட்டேன் என்று தரையில் உட்கார்ந்தார். எல்லோரும் எல்லோரிடமும் கேட்டார்கள், ஏதாவது சொன்னாளா, ஏதாவது சொன்னாளா. ஒன்றும் சொல்லவில்லை என்றாள் ஜெசிந்தா. வாளியைக் கழுவித் தந்தாள் என்று யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை, அது ஒரு செய்தி என்று அப்போது தெரியாது, இப்போதும் தெரியாது. எதுதான் செய்தி, எது வெறும் வாளி. எல்லாவற்றையும் எழுதி வைத்தால் அறை முழுக்கக் காகிதமாகி நிற்க இடமில்லாமல் போகும். எழுதாமல் விட்டால் விடிந்துவிடும். துணி எடுக்கப் போனவரும் கனகுவும் ஒன்றா. இல்லை. ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. மேசையில் ஃபோன் அதிர்ந்தது. தக்காளி இருக்கா, வாங்கணுமா, என்று பெலிக்ஸ் அனுப்பியிருந்தான். அவள் கணவனுக்கு மூன்று மணிக்குமேல் ராத்திரிச் சாப்பாட்டின் ஞாபகம் வந்துவிடும். வாங்கு என்று அடித்து அனுப்பினாள், அனுப்பிய பிறகுதான் வீட்டில் தக்காளி இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது. இருக்கட்டும்.

ஹாலில் எல்லா மேசைகளும் பேசிக்கொண்டிருந்தன. வெளியே வானம் காலையிலிருந்து மூடிக்கிடந்தது, பெய்யவும் இல்லை. இந்த இடைவெளி வராது, அவளுக்குப் புரிந்துவிட்டது, இந்த ஊரில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசி முடிக்கிற ஒரு நிமிஷம் வரவே வராது. கட்டமைப்புக் கோப்பில் அளவை மாற்றி எழுதி வைத்தாயிற்று, ஆனால் சர்வர் அதை எழுந்திருக்கும்போதுதான் படிக்கும், எழுப்ப வேண்டுமென்றால் முதலில் நிறுத்த வேண்டும், நிறுத்தினால் பேசிக்கொண்டிருப்பவர்கள் நடுவாக்கியத்தில் அறுந்துபோவார்கள். அப்புறம் ஒன்று நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்ததும் நெற்றியில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது, ஓடுகிற ஜாவாவோடு ஓடும்போதே ஒட்டிக்கொண்டு பேச ஒரு சின்னக் கருவி உண்டு, புதிதாக வேலைக்குச் சேர்ந்த காலத்தில் விளையாட்டாக எப்போதோ திறந்து பார்த்தது. அதைத் திறந்தாள். சர்வரின் உள்ளிருக்கிற பெயர்கள் கிளைகிளையாக விரிந்தன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு அளவு, அந்த அளவை இங்கேயே மாற்றலாம், யாரையும் நிறுத்தவேண்டாம். எதைத் திறப்பது. குறிப்புகள் ஓடுகிற கிளையைத் தொடமாட்டாள், அங்கே கை போகாது, போகக்கூடாது. தரவுத்தளத்தோடு பேசுகிற கிளையை மட்டும் ஃபைனுக்கு இறக்கினாள். யார் உள்ளே நுழைந்தார்கள் என்று எழுதுகிற கிளை ஒன்று இருந்தது. தொண்டர் பேரும் வரணும்மா, ரெண்டு பேர் சேர்ந்து எதையாவது கன்னாபின்னான்னு திறந்து வைக்கிறாங்களான்னு பார்க்கணும், என்று பத்மநாபன் சார் காலையில்கூடச் சொன்னார். அதன் மேல் சுட்டி சற்று நேரம் நின்றது. அங்கே ஒன்றும் செய்யாமல் நகர்ந்துவிட்டாள். மாற்றியாயிற்று, கோப்பைப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. மறுபடி பார்த்தாள். ஒன்றும் இல்லை. சர்வருக்குள் பேசுகிறவனுக்கு அளவு வைப்பது போல அதைக் கோப்பில் எழுதுகிற கைக்கும் தனியாக ஒரு அளவு உண்டு, அது மூடியிருந்தால் இவன் என்ன சொன்னாலும் காகிதத்தில் ஏறாது, அதை ஓடும்போது மாற்ற முடியாது. இல்லை, போன வாரம் அதைத் திறந்தவள் மூடவில்லையே, பேசுகிறவனைத்தானே மூடினாள், மூடினாளா. கோப்பைத் திறந்து அந்த வரியைப் பார்த்தாள், திறந்தே இருந்தது. அப்படியானால் ஏன். அப்போது முதல் வரி விழுந்தது. இணைப்பு எடுக்கப்பட்டது, அழைப்புத் திரை. அதன் கீழேயே, இணைப்பு திருப்பித் தரப்பட்டது, அழைப்புத் திரை. எடுக்கப்பட்டது, தரப்பட்டது. எடுக்கப்பட்டது, தரப்பட்டது. அவள் நாற்காலியில் சாய்ந்தாள்.

இனிமேல் செய்ய ஒன்றும் இல்லை. உறையும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருப்பது என்றால், அவளுக்கு மெல்ல உறைத்தது, உறையட்டும் என்று காத்திருப்பது. வா, இப்போது வா, நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், என்று அவள் உள்ளே ஏதோ ஒன்று கோப்பின் அடிவரியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டுக்கொண்டிருந்தது, அது வந்தால் இந்த ஹாலில் யாரோ ஒருவரின் காதில் ஒரு குரல் அறும். அவரும் ஏதோ எடுக்கப் போயிருப்பார், அடுப்பில் பாலை இறக்கிவிட்டு வருகிறேன் என்று போயிருப்பார். வராமல் போனால் என்ன, இன்றைக்கு வரவேண்டாம். வராவிட்டால் நாளைக்கு வரும், அவள் இல்லாத நேரத்தில் வரும், ஒன்றும் எழுதாமல் வரும். வா. வராதே. சர்வர் தன் சிறிய கையிருப்பிலிருந்து, தரவுத்தளத்துக்குப் போகிற இணைப்புகளை எடுத்துக் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தது, கல்யாணப் பந்தியில் பத்துப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு நூறு பேருக்குப் பரிமாறுகிற மாதிரி. எடுத்தவன் திருப்பி வைக்கும்வரை சரி, ஒருத்தன் எடுத்துக்கொண்டு போய்விட்டால் ஒன்று குறையும், இன்னொருத்தன் போனால் இன்னொன்று, கடைசியில் பரிமாறுகிறவர்கள் எல்லாம் வெறுங்கையோடு வரிசையில் நிற்பார்கள். யாரோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். யார். இந்த நிரலை எழுதியவன் கனடாவுக்குப் போய்விட்டான், போகும்போது எல்லோருக்கும் மில்க் ஸ்வீட் வாங்கிக்கொடுத்தான், நல்ல பையன்தான்.

தாஜுன்னிசா அக்கா பேசி முடித்து எழுந்து வந்தாள். நாற்பதைத் தாண்டியவள், ஐஸ் ஹவுஸ் பக்கம் தையற்கடை வைத்திருக்கிறாள், வாரத்தில் மூன்று மதியம் கடையை மகளிடம் விட்டுவிட்டு இங்கே வருவாள். இந்த நேரத்துப் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. கண்ணாடிக் கதவைப் பாதி திறந்து நின்றாள்.

“என்ன ஜெசி, அப்பலேர்ந்து எங்களையே பாத்துட்டிருக்க. நிறுத்தணுமா?”

“இல்லக்கா, நிறுத்தாமலே வழி கிடைச்சிருச்சு. ஆனா இன்னைக்கு உறைஞ்சாலும் உறையும்.”

“உறைஞ்சா நல்லதா, கெட்டதா?”

ஜெசிந்தா திரையைப் பார்த்தாள். பிறகு, கேட்கக்கூடாது என்று ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்தது வாயிலிருந்து தானாக வந்தது. “அக்கா, பேச்சு அறுந்துபோனவங்க திரும்பக் கூப்பிடுவாங்களா?”

“சில பேர் கூப்பிடுவாங்க. வேற யாராச்சும் எடுப்பாங்க, எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் கூடாதுன்னு பயிற்சியில சொல்லித்தான் விடுறாங்க.” தாஜுன்னிசா கதவுக் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “தெரிஞ்சுக்கக்கூடாதுதான்.” அவள் மேசையில் அழைப்பு விளக்கு மினுங்கியது. போய்விட்டாள்.

எடுக்கப்பட்டது, தரப்பட்டது. வரிகள் ஓடின. ஜெசிந்தாவின் கண் அவற்றோடு ஓடி, மனசு வேறெங்கோ ஓடி, கனகுவின் அப்பா தரையில் உட்கார்ந்தபோது தன் செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்திருந்தார், அது ஏன் இப்போது, செருப்பை யாராவது எழுதினார்களா, அவர் இருக்கிறாரோ இல்லையோ, ஒரு தடவை சங்கரன்கோவில் போகும்போது கனகுவின் ஊர்ப் பெயர்ப்பலகையைப் பஸ்ஸிலிருந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது ஞாபகம். எடுக்கப்பட்டது. தரப்பட்டது. எடுக்கப்பட்டது. அடுத்த வரியும் எடுக்கப்பட்டது. அவள் நிமிர்ந்தாள். மேலே ஏறிப் பார்த்தாள். ஒன்று திரும்பவில்லை. அதற்கு மேலே போனால் இன்னொன்றும் திரும்பவில்லை, அளவைத் திறந்ததிலிருந்து அங்கங்கே, நிதானமாக, ஒன்று ஒன்றாகப் போயிருக்கிறது, கையிருப்பில் அநேகமாக ஒன்றும் மிச்சமில்லை. அவள் அந்த வரிகளை மட்டும் பிரித்து எடுப்பதற்குள் திரை நின்றுவிட்டது. புது வரி இல்லை. ஹாலில் ஒருவர் சுட்டியை மேசையில் தட்டினார். ஜன்னலோரக்காரர் எழுந்து நின்று இவளைப் பார்த்துக் கையை விரித்தார். வந்துவிட்டது, கண்டுபிடித்துவிட்டேன், என்று ஒரு சந்தோஷம் அவள் நெஞ்சில் துள்ளியது, அந்தத் துள்ளல் அடங்குமுன்பே தாஜுன்னிசா அக்காவின் முதுகு தெரிந்தது, அவள் அசையாமல் திரையைப் பார்த்தபடி, வாய் மட்டும் பேசிக்கொண்டிருக்க, ஒரு கையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தாள். பேச்சு இன்னும் அறவில்லை. கொஞ்ச நேரம்தான் இருக்கிறது. நிறுத்தி எழுப்பினால் எல்லாம் சரியாகும், எல்லோரும் அறுந்துபோவார்கள். பாத்திரம் இல்லையென்றால். பாத்திரம் இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் பாத்திரம் கொண்டுவந்து வை. அதே கருவியில், அந்தக் கிளைகளுக்கு நடுவில் எங்கோ, இணைப்புகள் எத்தனை என்று ஒரு எண் இருக்கவேண்டும், எங்கே, இதில்லை, இதில்லை, இதுதான். கூட்டி எழுதினாள். விரல் ஒரு தடவை தவறி, திருத்தி, மறுபடி எழுதி அமுக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஒன்றும் நடக்காத நேரத்தில் அவள் பச்சை வாளியை நினைக்கவில்லை, துணியை நினைக்கவில்லை, தூக்கியிருந்த அந்தக் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணாடி வளையல் முழங்கைப் பக்கம் சரிந்து கிடந்தது. எடுக்கப்பட்டது என்று ஒரு வரி விழுந்தது. பிறகு தரப்பட்டது. பிறகு மடமடவென்று கொட்டியது. தாஜுன்னிசாவின் கை மெதுவாகக் கீழே இறங்கி மேசையில் படுத்தது. பேச்சு நிற்கவில்லை.

திரும்பாத இணைப்புகளைப் பார்த்தாள். எல்லாம் ஒரே இடத்திலிருந்து, தேடல் திரையிலிருந்து, போயிருந்தன. பிற தொண்டர்களின் குறிப்புகளில் தேடு, என்று ஓரமாக ஒரு பெட்டி உண்டு, பயிற்சியில் அதைப் பயன்படுத்தவேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள், எடுக்கச் சொல்லி யாரும் கேட்காததால் அது அங்கேயே இருந்தது. நிரலைத் திறந்து பார்த்தாள். தேடியது கிடைத்தால் குறிப்பைக் காட்டிவிட்டு இணைப்பைத் திருப்பித் தருகிறது. கிடைக்காவிட்டால், ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு அங்கேயே கிளம்பிவிடுகிறது, இணைப்பைத் தராமலே. அவ்வளவு சின்ன விஷயம். ஒரு வரியை இரண்டு வரி கீழே தள்ளி எழுதினால் தீர்ந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். திறந்த பிறகே எத்தனை தடவை. யாரோ ஒருவர் இரண்டு அழைப்புகளுக்கு நடுவில் அந்தப் பெட்டியில் ஒரு சொல்லை அடித்திருக்கிறார், கேட்ட பேச்சில் தங்கிப்போன ஏதோ ஒரு சொல்லை, அது வேறு யாருடைய குறிப்பிலாவது மறுபடி வந்திருக்கிறதா என்று, வந்திருந்தால் அதைச் சொன்னவர் உயிரோடிருந்து மறுபடி கூப்பிட்டிருக்கிறார் என்று. ஒன்றும் இல்லை என்று வந்திருக்கிறது. பிறகு இன்னொருவராக இருக்கலாம். பிறகு மறுபடி அவரேகூட. என்ன சொல் என்று இந்த லாகில் இல்லை. இருந்தால் படித்திருப்பாள், தன்னால் படிக்காமல் இருந்திருக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது, அது இல்லாததற்காக அவள் யாருக்கோ நன்றி சொல்ல விரும்பினாள்.

பத்மநாபன் சாரை ஃபோனில் கூப்பிட்டாள். “கண்டுபிடிச்சாச்சு சார். தேடுற பெட்டியில, தேடி ஒண்ணும் கிடைக்கலைன்னா இணைப்பு மாட்டிக்குது. நிரல்ல பிழை. ராத்திரி கூட்டம் குறைஞ்சதும் மாத்திடலாம்.”

“தேடுற பெட்டியா?” அவர் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது, கெட்ட மனிதரில்லை. “அதத் தொடக்கூடாதுன்னுதானம்மா சொல்லியிருக்கோம். கூப்பிட்டவங்க பின்னாடியே போனா தொண்டருங்க உடைஞ்சு போவாங்க. அனுபவத்துல சொல்றேன். யாரு தேடுனது?”

“அது தெரியாது சார். பேர் எழுதுறதை நான் திறக்கல.”

“நான் சொல்லியிருந்தேனே.”

“சொன்னீங்க சார். நான்தான் திறக்கல.”

அவர் அடுத்து என்ன சொல்வார் என்று பல விதமாக அவள் மனசில் ஓடி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் ஓடியது. அவர் சொன்னது, “சரி, பெட்டிய எடுத்துடலாமா?” என்பதுதான். கேள்வியாகவே கேட்டார்.

“பிழையச் சரி பண்ணிடறேன் சார். பெட்டி இருக்கட்டும். அத எடுக்கணுமா வேண்டாமான்னு நீங்க அவங்ககிட்ட கேட்டுட்டுச் சொல்லுங்க.”

ஹாலுக்குப் போனாள். தாஜுன்னிசா அக்கா காதில் மாட்டியதைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள், ஆள் வந்து நிற்பது தெரிந்து திறந்தாள்.

“அறுந்துபோகல,” என்றாள். “முழுசாப் பேசினாங்க.”

“அக்கா, அந்தத் தேடுற பெட்டியாலதான் உறைஞ்சிருக்கு. தேடி இல்லன்னு வந்தா மாட்டிக்குது.”

தாஜுன்னிசாவின் முகம் சிவந்து, பிறகு வெளிறியது. பக்கத்து மேசைக்காரர் இவர்களைப் பார்க்காமல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கு அப்பால் ஜன்னலோரக்காரரும்.

“அப்ப நாங்க தேடினதாலதான் மத்தவங்களுக்கு அறுந்துச்சா?”

ஆமாம் என்பது உண்மை. இல்லை என்பதும். “நிரல் தப்பா எழுதியிருந்தது, அதனாலக்கா,” என்றாள் ஜெசிந்தா. “இன்னைக்குப் பொழுது மட்டும் தேடாம இருங்க. நாளைலேர்ந்து எத்தனை தடவை தேடினாலும் ஒண்ணும் ஆகாது.”

“எத்தனை தடவை தேடினாலும்,” என்று தாஜுன்னிசா திருப்பிச் சொன்னாள். அவள் ஏதோ கேட்க வாயெடுத்தாள், மேசையில் விளக்கு மினுங்கியது, கழுத்திலிருந்ததைக் காதுக்கு ஏற்றினாள். ஜெசிந்தா போகத் திரும்பி, போகாமல், நாற்காலியின் பின்புறத்தைப் பிடித்தபடி நின்றாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அவள் இதுவரை கேட்டதில்லை.

“சொல்லுங்க,” என்றாள் தாஜுன்னிசா, “கேட்டுட்டுத்தான் இருக்கேன்.”